நாற்றுக்கு முன் வாய்க்கால்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போய்வந்தவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "உப்புத் தண்ணியிலே மரம் எப்படிங்க வளருது?" டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகவே பார்ப்போம்.

அலையாத்தி மரங்களுக்கு உப்பின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. மற்ற மரங்கள் பட்டுப்போகும் இடத்தில் இவை தாக்குப்பிடிக்கின்றன, அவ்வளவுதான். அந்த வித்தையும் மரத்துக்கு மரம் வேறு. ஓடைக்கரையில் வளைந்த வேர்களை ஊன்றி நிற்கிறதே, அது சுரபுன்னை. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் வெண்கண்டல் ஓரளவு உப்பை உள்ளே விட்டு, இலையில் இருக்கும் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். வெயில் ஏறியபின் அதன் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆனால் மரம் தெரியாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் இந்தக் காட்டு இனம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அடுத்த சிக்கல் மூச்சு. சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு குச்சி குச்சியாக மேலே வருகின்றன. அவற்றின் தோலில் நுண்துளைகள் உண்டு. கடல் வற்றும்போது அவை வழியே காற்று உள்ளே போகும். கடல் ஏற்றத்தில் சில மணிநேரம் மூழ்கினாலும் மரம் சமாளித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் மூழ்கியே கிடந்தால் பிழைக்காது. ஆக, இந்த மரத்துக்கு வேண்டியது வெறும் தண்ணீர் அல்ல. வந்து போகும் தண்ணீர்.

இது புரியாமல்தான் ஒரு காலத்தில் காடு அழிந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது கணக்கு. பல இடங்களில் தழைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கியது. நடுவில் பள்ளம் விழுந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீருக்கு வெளியேற வழியில்லை. நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. ஆளில்லாத உப்பளம் மாதிரி ஆகிவிட்டது அந்த இடம். அதில் வெண்கண்டல் விதைகூட வேர் பிடிக்கவில்லை.

அங்கே நாற்றை மட்டும் கொண்டுபோய் நட்டால் என்ன ஆகும்? காய்ந்துபோகும். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தார்கள். ஓடையிலிருந்து பள்ளத்துக்கு ஒரு பெரிய வாய்க்கால். அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மீன்முள் வாய்க்கால் என்பார்கள். ஏற்றத்தில் வந்த நீர் உப்பைக் கரைத்தது, வற்றத்தில் வெளியே இழுத்துப்போனது. மண் தேறிய பிறகே நாற்று. அதுவும் வாய்க்காலின் சரிவில், அடியிலும் அல்லாமல் மேட்டிலும் அல்லாமல் நடுவில். அடியில் வைத்தால் மூழ்கும், மேட்டில் வைத்தால் தண்ணீர் எட்டாது.

காடு இருப்பதில் ஊருக்கும் லாபம் உண்டு. 2004 சுனாமியில் பிச்சாவரக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பது உண்மை. மரங்கள் அலையின் வேகத்தைக் குறைத்தன. கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் தரையின் உயரமும் கூடவே உதவின. எல்லாப் பெருமையையும் மரத்துக்கே கொடுத்துவிட முடியாது.

மறுபடி தண்ணீருக்கு வருவோம். காட்டுக்குக் கடலின் வரத்து ஒரு பாதி என்றால், ஆற்றின் வரத்து மறுபாதி. வெள்ளாறும் கொள்ளிடமும் இருபுறம் இருக்கும் பிச்சாவரத்தில் பலவகை மரங்களைப் பார்க்கலாம். காவிரிக் கிளைகளின் கடைமடையான முத்துப்பேட்டையில் நன்னீர் குறைவு. அங்கே பெரும்பாலும் வெண்கண்டல்தான்.

இன்னொன்றும் உண்டு. வெட்டிய வாய்க்கால் அப்படியே இருக்காது. வண்டல் சேரும், தூர்ந்துபோகும். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே யாராவது இத்தனை லட்சம் அலையாத்தி நாற்று நட்டோம் என்றால், தூர்வார எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், அந்தத் திட்டம் பாதியில்தான் நிற்கிறது.