வீட்டைத் தூக்கும் மண்

புது வீட்டின் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பைக் கண்டதும் நெல்லியடிப் பக்கத்தில் முதலில் பழி விழுவது மேசன் மீது. சீமெந்து குறைத்துக் கலந்தார், கம்பி மெல்லியதாகப் போட்டார், கொங்கிறீற்றுக்குத் தண்ணீர் விடவில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். சில வீடுகளில் அந்தப் பழி நியாயமானதுதான். ஆனால் ஒரு வெடிப்பு ஆவணிக் காய்ச்சலில் விரல் நுழையும் அளவுக்கு அகன்று, மார்கழி மழையில் தானே ஒடுங்கி, அடுத்த ஆவணியில் முன்னிலும் அகலமாகத் திறந்தால், கலவையில் மட்டும் குற்றம் தேடுவதில் பயனில்லை. மாதம் பார்த்து அசைவது அத்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண். அத்திவாரம் வீட்டின் பாரத்தைத் தாங்குவதற்காக மட்டும் போடப்படுவது என்று நாம் நினைக்கிறோம். களிமண் காணியில் அதன் முதல் வேலை வேறு: மண்ணுக்குள் நீர் ஏறி இறங்கும்போது வீடு ஒரு பக்கம் தூக்கப்படாமலும் மறுபக்கம் தாழாமலும் காப்பது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் கூடுதல் சீமெந்துக்கும் கம்பிக்கும் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெல்லியடியில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லின் மேல் போர்த்தியிருக்கும் மண் ஊருக்கு ஊர், சில இடங்களில் காணிக்குக் காணி மாறுகிறது. தோட்டக் காணிகளில் செம்பாட்டு மண். வயல்களிலும் தாழ்வுகளிலும் சாம்பல் நிறக் களி கலந்த மண். பருத்தித்துறை வீதியில் தென்மேற்கே போனால் வல்லை வெளி. தொண்டைமானாற்று நீரேரியை அண்டிய உவர் நிலமும் தரவையும் அங்கே விரிகின்றன. செம்பாட்டு மண்ணிலும் களித்துகள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கயோலினைற் என்ற கனிமமும் இரும்பு ஒட்சைட்டும் சேர்ந்தது. கயோலினைற்றின் படலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. அவற்றின் இடையில் நீர் புகாது, அதனால் அந்த மண் நனைந்தாலும் அதிகம் வீங்காது. உவர் நிலத்துக் களியின் சுபாவம் வேறு. அதில் ஒட்டியிருக்கும் சோடியம், நனைந்ததும் துகள்களைப் பிரித்து விடுகிறது. மண் வீங்கும், குழையும், ஓடும் நீரோடு கரைந்தும் போகும். ஆக, ஒரே மேசன் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டும் இரண்டு வீடுகளில் செம்பாட்டில் நிற்பது அசையாமலும் தரவையோரத்தில் நிற்பது வெடித்தும் போவதில் மர்மம் எதுவும் இல்லை.

களிமண்ணின் வீக்கத்தை அதன் முழு வடிவில் காண வடமாகாணத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பகுதிக் கரிய களிமண்ணை இலங்கையின் மண்ணியல் நூல்கள் குருமுசோல் என்று தனி வகையாகவே குறிக்கின்றன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்து அரைத்ததும் முருங்கனிலிருந்து வந்த களிதான். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலும் இதே குடும்பம். இவ்வகை மண்ணில் மொன்மொரிலோனைற் போன்ற கனிமங்கள் மிகுதி. அவற்றின் படலங்களுக்கு இடையே நீர் புகுந்து படலங்களையே விலக்குகிறது. ஊறப்போட்ட உழுந்து பாத்திரத்துக்கு மேலே எழுவதைப் போல மண் எழுகிறது. காய்ந்ததும் ஒடுங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கிறது. இங்கேதான் பலரின் கணக்கு பிழைக்கிறது. பாரமான மாடி வீட்டுக்குத்தான் ஆபத்து, ஒரு தட்டு வீட்டுக்கு என்ன வரப்போகிறது என்று நினைப்பார்கள். வீங்கும் மண்ணில் நிலைமை தலைகீழ். மண் மேலே தள்ளும் அழுத்தம் சிறிய வீடு கீழே அழுத்தும் பாரத்தை மிஞ்சி விடலாம். பல மாடிக் கட்டிடத்தின் பாரம் ஓரளவு மண்ணை அடக்கி வைக்கும். ஓட்டுக்கூரை போட்ட சின்ன வீட்டால் அது முடியாது. மதில், விறாந்தை, வெளியே தனியாகக் கட்டிய மலசலகூடம் ஆகியன முதலில் வெடிப்பதற்கும் இதுவே காரணம்.

மண் எங்கும் ஒரே அளவாக எழுந்து ஒரே அளவாகத் தாழ்ந்தால் வீட்டுக்குக் கேடில்லை. முழு வீடும் சேர்ந்து சில மில்லிமீற்றர் ஏறி இறங்கும், அவ்வளவுதான். கேடு வருவது ஏற்றத்தாழ்வினால். குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு நெடுங்காலக் காய்ச்சல். வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள மண்ணை வெயில் தொடுவதில்லை, அங்கே ஈரம் தங்குகிறது. சுவரோரத்து மண்ணோ மழையில் ஊறிக் கோடையில் வறள்கிறது. கோடையில் ஓரங்கள் தாழ, நடு உயர்ந்து நிற்கும். மழையில் ஓரங்கள் எழும். இந்த ஆட்டத்தைப் பெரிதாக்குவது நம்முடைய பழக்கங்கள். பீலி இல்லாத தாவாரத்து நீர் சுவரடியில் விழுகிறது. குளியலறைக் கழிவுநீர் வாழையடிக்குப் போகிறது, அந்த வாழை குசினிச் சுவரிலிருந்து இரண்டடி தூரத்தில் நிற்கிறது. கழிவுநீர்க் குழி வீட்டின் ஒரு மூலையை ஆண்டு முழுவதும் ஈரமாக வைத்திருக்க, எதிர் மூலையில் நிற்கும் வேம்பு கோடையில் மண்ணின் கடைசி ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஒரு மூலை ஊறி, எதிர் மூலை வறண்டு கிடக்கையில், நடுவில் இருக்கும் யன்னல் மூலை கிழியாமல் வேறு என்ன செய்யும்?

இது நமக்கு மட்டும் நேர்ந்த தொல்லை இல்லை. வீங்கிச் சுருங்கும் மண் ஆண்டுக்குக் குறைந்தது 230 கோடி டொலர் சேதம் விளைவிக்கிறது என்றும், வெள்ளம், சூறாவளி, சுழல்காற்று, நிலநடுக்கம் ஆகியவற்றால் வரும் மொத்தச் சேதத்தைப் போல் அது இரண்டு மடங்குக்கும் மேல் என்றும் 1973இல் அமெரிக்காவில் ஜோன்ஸ், ஹோல்ற்ஸ் என்ற இருவர் மதிப்பிட்டார்கள். இந்தியாவில் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலத்துக்கென்று அடியில் குமிழ் வைத்த கொங்கிறீற் தூண்முறையை வளர்த்தெடுத்தது. ஏறத்தாழ மூன்றரை மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் அந்தத் தூணின் அடிக்குமிழ், தண்டைப் போல் இரண்டரை மடங்கு அகலமானது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டி, மாறாத மண்ணில் அது நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. வீங்காத ஒட்டுமண்ணை ஒரு மீற்றர் அளவுக்கு இறுக்கிப் பரப்பி வீக்கத்தை அடக்கலாம் என்பதைப் பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் கட்டி எடுத்துக்காட்டினார். அவுஸ்திரேலியாவில் வீடு கட்டுமுன் காணிக்கே ஒரு தரம் குறிக்கிறார்கள்: பருவ மாற்றத்தில் நிலமட்டம் 20 மில்லிமீற்றருக்குள் அசையுமானால் ஒரு தரம், 20 முதல் 40 வரையானால் அடுத்தது, 75ஐத் தாண்டினால் மிகக் கடுமையானது. அத்திவாரத்தின் வடிவம் அதற்குப் பிறகே வரும். வழிகள் பலவாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி ஒன்று: இந்த மண் எவ்வளவு அசையும்?

புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் வரைபடங்களையும் இந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் அத்திவாரம் நான்கடி ஆழம் போவது குளிர்காலத்தில் நிலம் உறைந்து மேலெழுவதால். அந்த உறைபனி இங்கே இல்லை. லண்டனில் ஹரோ, வெம்பிளி வீடுகள் நிற்பது லண்டன் களியின் மேல். அங்கே 1971 முதல் வீட்டுக் காப்புறுதியில் நிலம் தாழ்தலும் சேர்ந்தது; 1976இன் கடும் வரட்சியில் இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. அந்த ஊர்களின் ஆழமும் கம்பிக் கணக்கும் அந்த ஊர்களின் மண்ணுக்கு உரியவை. அவற்றை அப்படியே கரவெட்டியில் இறக்கினால் சில காணிகளில் தேவையற்ற செலவு, சில காணிகளில் போதாத காப்பு.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது: நம் பாட்டன் பூட்டன் மண்பரிசோதனை செய்தா கட்டினார்கள், அந்த வீடுகள் இன்றும் நிற்கவில்லையா? நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அவர்கள் மேட்டு நிலத்தைக் குடியிருப்புக்கும் தாழ்வை வயலுக்கும் விட்டார்கள். பொழிகல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள் சிறு அசைவைப் பல நுண்வெடிப்புகளாகப் பங்கிட்டுக் கொள்ளும். சீமெந்துச் சாந்தில் கட்டிய மெல்லிய புளொக்கல் சுவர் விறைப்பாக நின்று ஒரே இடத்தில் பிளக்கும். நின்ற வீடுகளைத்தான் நாம் காண்கிறோம், இடிந்தவை கணக்கில் வருவதில்லை என்பதும் உண்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து காணி இரண்டு பரப்பாகச் சுருங்கிய பிறகு, முன்னோர் வீடு கட்டாமல் ஒதுக்கிய தாழ்வில் இன்று மண் நிரப்பிக் கட்டுகிறோம். அவர்களைப் பின்பற்றுவதென்றால் அவர்கள் இடம் பார்த்துத் தெரிந்த கவனத்தையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும்.

அடுத்த மறுப்பு: குடாநாட்டில் எங்கே வெட்டினாலும் கல் வரும், பிறகென்ன பயம்? கல் வரும் என்பது சரி, ஒரே ஆழத்தில் வரும் என்பது பிழை. சுண்ணாம்புக்கல் நீரில் மெல்லக் கரைவது. புத்தூர் நிலாவரைக் கிணறு இப்படிக் கல் கரைந்து உருவான பள்ளந்தான். கரைந்த குழிகளில் களி படிந்து மேலே மண் மூடியிருக்கும். ஒரே வீட்டின் முன்பக்கம் ஓரடியில் கல்லிலும் பின்பக்கம் ஐந்தடிக் களியிலும் அமரும் நிலை இதனால் வருகிறது. முழு வீடும் களியில் இருப்பதை விட இது மோசமாகலாம், ஏனென்றால் பாதி வீடு சற்றும் அசையாது, மறுபாதி ஆண்டுதோறும் அசையும். நிரப்பிய காணியிலும் இதே கதை. லொறி லொறியாகக் கொட்டி, மேலே சமன் செய்துவிட்டு, ஒரு மாரி போனதும் இறுகிவிட்டது என்று நம்புவது வழக்கமாகிவிட்டது. நிரப்பும் மண்ணை ஆறு முதல் எட்டு அங்குலப் படைகளாகப் போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வொரு படையையும் இடித்திறுக்க வேண்டும். குளம் வாரிய களியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டடியில் நிரப்புவது, இல்லாத வியாதியை விலைக்கு வாங்குவது.

கம்பியைக் கூட்டினால் போதாதா என்பது மூன்றாவது மறுப்பு. ஓரளவு உண்மை இதில் உண்டு. எல்லாச் சுவர்களுக்கும் கீழே தொடர்ச்சியாக ஓடும், நல்ல உயரமுள்ள கொங்கிறீற் வளை வீட்டை ஒரே உடலாகப் பிணைக்கும். ஆனால் இங்கே பயன் தருவது வளையின் உயரமும் தொடர்ச்சியும். தனித்தனித் தூண்களின் அடியில் கம்பியைக் குவித்தால் ஒவ்வொரு தூணும் பலமாக இருக்கும், ஒவ்வொன்றும் தன் பாட்டில் அசையும். நீரேரியோரத்தில் இன்னொரு கேடும் உண்டு. உவர் நிலத்து ஈரத்திலும், நீரேரியை அடுத்த கிணறுகளின் சவர் நீரிலும், கழுவாத கடற்கரை மணலிலும் உள்ள குளோரைட்டு கொங்கிறீற்றுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பை விட அதிக இடம் கேட்பதால் கொங்கிறீற்றே உள்ளிருந்து வெடிக்கும். மேல்மூடல் போதாமல் போட்ட கூடுதல் கம்பி அப்போது கூடுதல் துருவாகும். மண்ணுக்குள் கம்பியின் மேல் குறைந்தது 50 மில்லிமீற்றர், வெறும் மண்ணில் நேரே வார்த்தால் 75 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும். நன்னீரில் குழைக்க வேண்டும். இவை கம்பியின் எண்ணிக்கையை விட முக்கியம்.

கடைசி மறுப்பு செலவு. போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கிடைத்தது. அப்படி அளந்து கிடைத்த பணத்தில் கட்டியவர்களிடம் மண்பரிசோதனை பற்றிப் பேசுவது ஏளனமாகத் தோன்றலாம். ஆனால் முதற்கட்டப் பரிசோதனைக்குத் தேவை ஒரு மண்வெட்டியும் ஒரு நாள் கூலியும். வீடு வரும் இடத்தின் மூலைகளிலும் நடுவிலும் ஆளுயரக் குழி வெட்டினால் கல் எங்கே, களி எங்கே, நிரப்பு மண் எங்கே என்பது கண்ணுக்கே தெரியும். வீக்கத்தை அறியவும் எளிய முறை உண்டு; இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருப்பது அது. காயவைத்துச் சலித்த மண்ணைப் பத்துக் கிராம் வீதம் இரண்டு அளவு குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணிநேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களி வீங்காது. அதனோடு ஒப்பிட, தண்ணீரில் படிந்த மண் பாதிப்பங்குக்கு மேல் கூடுதலாக உயர்ந்திருந்தால் கவனம் தேவை, இரண்டு மடங்காகிவிட்டால் சாதாரண அத்திவாரத்தை மறந்துவிட வேண்டும். இது எச்சரிக்கை மட்டுமே. இதைக் கொண்டு ஆழம் கணக்கிட முடியாது. சந்தேகம் வந்த காணியில்தான் பொறியியலாளரின் செலவு தேவைப்படும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை அதற்காகவே இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது.

கட்டி முடித்த வீட்டுக்கும் வழி அடைந்துவிடவில்லை. பீலி போட்டு மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளி விடுவது, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சாய்வுள்ள நடைபாதை போடுவது, கசியும் குழாயைத் திருத்துவது, வாழையையும் கழிவுநீரையும் அப்பால் நகர்த்துவது ஆகியன மண்ணின் ஈரத்தை ஒரே நிலையில் வைக்க உதவும். வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டு ஓராண்டு அளந்து பார்த்த பின்பே பூசி அடைக்க வேண்டும். கோடையில் அடைத்த வெடிப்பு மழைக்கு ஒடுங்க இடமின்றிப் பக்கத்தில் இன்னொன்றைத் திறக்கும். கட்டப்போகும் வீடுகளுக்கு நல்ல காலம் இன்னும் இருக்கிறது. அனுமதிக்காகப் பிரதேச சபைக்குப் போகும் வரைபடத்தோடு, காணியில் வெட்டிய குழிகளில் எந்த ஆழத்தில் எந்த மண் கண்டது என்ற ஒரு பக்கப் பதிவையும் இணைக்கும் வழக்கம் வந்தால், சில ஆண்டுகளில் வடமராட்சிக்கே ஒரு மண்வரைபடம் சேர்ந்துவிடும். அதுவரை, அத்திவாரம் எத்தனை அடி என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு, குழி வெட்டிப் பார்க்காமல் எண்ணொன்றைச் சொல்லும் எவரிடமும் வேலையை ஒப்படைக்காமல் இருப்பதே மலிவான காப்பு.