வேகாத பருப்பும் நுரைக்காத சோப்பும்: குற்றம் சரக்கிலா, தண்ணீரிலா?

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள் பெரியவர்கள். அதனாலோ என்னவோ, நம் பகுதியில் தண்ணீர் செய்யும் குற்றத்துக்கெல்லாம் பலசரக்குக் கடைக்காரரே பழி சுமக்கிறார். “அண்ணாச்சி, போன வாரம் வாங்கின துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டும் வேகலை”, “இந்தச் சோப்பு நுரையே வரமாட்டேங்குது, பழைய சரக்கா?” என்ற பேச்சைக் கேட்காத கடை விருதுநகரிலும் இல்லை, சிவகாசி, சாத்தூரிலும் இல்லை. பருப்புக்குப் பேர்போன ஊரிலேயே பருப்புக்கு இந்தக் கதி!

சரக்கு மோசமாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வது நம் கடமை. ஆனால் பல வீடுகளில் மோசம் சரக்கில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அது தெரியாமல் நாம் சரக்கை மாற்றிக் கொடுத்து நஷ்டப்படுகிறோம். வாடிக்கையாளரோ யாரோ சொன்னார்கள் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு ஏதாவது ஒரு கருவியை வாங்கி மாட்டிவிட்டு, அப்போதும் பருப்பு வேகவில்லை என்கிறார். ஆகவே இந்த விஷயத்தை வணிகர்களாகிய நாம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊர்த் தண்ணீர்

நம் மாவட்டம் மழை குறைந்த பகுதி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. பெரும்பகுதி பாறை நிலம். பாறை வெடிப்புகளில் தங்கும் நீர், அங்குள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு ஆழ்குழாய் வழியாக மேலே வருகிறது. இவ்விரண்டும் மிகுந்த நீரைத்தான் கடின நீர் என்கிறோம்.

விருதுநகருக்கு ஆனைக்குட்டம் அணையிலிருந்தும் தாமிரபரணித் திட்டத்திலிருந்தும், சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையிலிருந்தும் மானூர்த் திட்டத்திலிருந்தும் குடிநீர் வருகிறது. அது வராத நாட்களில் வீட்டு ஆழ்குழாய்தான் கதி. ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என்று நம் பெண்கள் இரண்டு குடம் வைத்துப் பிரித்துப் புழங்குவது இதனால்தான். அந்தப் பிரிவினையில் மிகுந்த அறிவு இருக்கிறது. இக்கட்டுரை சொல்லப்போவதும் ஏறத்தாழ அதுதான்.

பருப்புக்கு ஒரு பரீட்சை

கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, பருப்பின் அணுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. அதனால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு குழைவதில்லை. சோப்பும் இப்படித்தான். சுண்ணாம்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் திரியாக மிதக்கிறது. அழுக்குப் போவதற்கு முன்பே பாதிச் சோப்பு தண்ணீரோடு சண்டையிட்டே தீர்ந்துவிடுகிறது.

ஆனால் சூடும் ஈரமும் உள்ள கிட்டங்கியில் வெகுநாள் கிடந்த பருப்பும் வேகாது என்பதை நாம் மறைக்கக் கூடாது. எது காரணம் என்று அறிய எளிய வழி உண்டு. புகார் வந்த பருப்பிலேயே இரண்டு பங்கு எடுத்து, ஒன்றை வீட்டு ஆழ்குழாய் நீரிலும், மற்றதை மழை நீரிலோ ஆர்.ஓ. கேன் நீரிலோ ஒரே அளவு நேரம் வேகவைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது குழைந்து முதலாவது குழையாவிட்டால் குற்றம் தண்ணீருடையது. இரண்டுமே வேகாவிட்டால் தயங்காமல் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நாணயம் நிலைக்கும்.

சிலர் ஆப்பச் சோடா போட்டு வேகவைக்கிறார்கள். பருப்பு குழையும். ஆனால் அதிலுள்ள பி1 வைட்டமின் அழிந்துபோகும். சமையலுக்கு மட்டும் நல்ல தண்ணீரை ஒதுக்குவதே மேல்.

முதலில் அளவு, பிறகு கருவி

எடை போடாமல் விலை சொல்லும் வியாபாரி உண்டா? தண்ணீருக்கும் அதே நியாயம்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் சிறு கட்டணத்தில் நீரைப் பரிசோதிக்கலாம். அறிக்கை வந்ததும் இந்திய தர நிர்ணயத்தின் (ஐ.எஸ். 10500) அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிட்டருக்குக் கடினத்தன்மை 200 மில்லிகிராம், மொத்தக் கரைந்த உப்பு 500 மில்லிகிராம், புளோரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் முறையே 600, 2000, 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட் 45ஐத் தாண்டவே கூடாது.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். கடினத்தன்மையையும் கிருமியையும் அது காட்டாது. வீட்டுக்கு வரும் விற்பனையாளர் சிலர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். குழாய் நீர் பழுப்பாகக் குழம்பும், அவர்களுடைய கருவியின் நீர் தெளிவாக நிற்கும். பார்க்கிறவர் பயந்துபோவார். உண்மை என்னவென்றால், உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் கம்பியின் இரும்பே கரைந்து அந்த நிறம் வருகிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் சரிவரப் பாயாது, அதனால் நிறம் மாறாது. இது வெறும் கண்கட்டு வித்தை.

சாப்ட்னர் எதற்கு?

மென்னீராக்கி எனப்படும் சாப்ட்னரில் பிசின் மணிகள் இருக்கும். அவை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும. சோப்பு நுரைக்கும், கீசரில் படிவம் கட்டாது, குழாய் அடைக்காது. ஆனால் மொத்த உப்பு குறையாது. உப்புக் கரிக்கும் நீர் கரித்துக்கொண்டேதான் இருக்கும். 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் சோடியம் கூடும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் குடிக்க இது ஏற்றதல்ல. எனவே சாப்ட்னர் குளிக்க, துவைக்க மட்டும்.

செலவையும் கணக்குப் பார்ப்போம். 100 கிராம் கடினத்தன்மையை நீக்க ஏட்டுக்கணக்கில் 117 கிராம் உப்பு வேண்டும். நடைமுறையில் அதுபோல் இரண்டு, மூன்று மடங்கு ஆகும். அதே 600 மில்லிகிராம் நீரை நாளைக்கு 500 லிட்டர் மென்மையாக்கினால் மாதம் 20 முதல் 30 கிலோ உப்பு போகும். கழுவி வரும் உப்பு நீரைக் கிணற்றருகிலோ தோட்டத்திலோ விட்டால் மண் கெடும். ஆகவே கழிப்பறைக்கும் தரை கழுவவும் சாப்ட்னர் நீர் வேண்டாம்.

குடிநீருக்கு எது?

மணல், பஞ்சு வடிகட்டி கலங்கலை எடுக்கும். கரி வடிகட்டி வாடையையும் குளோரினையும் எடுக்கும். புற ஊதாக் கதிர்க் கருவி கிருமியைக் கொல்லும். இவற்றில் எதுவும் உப்பை எடுக்காது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும். மற்ற உப்புகள் அப்படியே இருக்கும்.

உப்பும் புளோரைடும் மிகுந்த இடத்தில் ஆர்.ஓ. தேவைதான். ஆனால் வீட்டு ஆர்.ஓ. பல 1 லிட்டர் கொடுக்க 2, 3 லிட்டரைக் கழிவாக விடுகின்றன. தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் இது சிறிய விஷயமல்ல. கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. ஆற்றுநீர் ஒழுங்காக வரும் வீட்டுக்கு இது தேவையா என்று அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம். மாட்டிய வீட்டில் கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம்.

பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு அருகில் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிவகாசிப் பகுதியில் பட்டாசுத் தொழிற்கூடங்களுக்கு அருகே நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்ற ரசாயனம் கலந்திருப்பதை 2013ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேர்வதை அது தடுக்கும். நிறமோ வாடையோ இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவைத்தாலும், சாதாரண சாப்ட்னரில் விட்டாலும் போகாது. ஆர்.ஓ. அதைப் பெருமளவு குறைக்கும். இப்பகுதியில் ஆழ்குழாய் நீரைக் குடிக்காமல் இருப்பதே உத்தமம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் இது கட்டாயம்.

குழாயிலும் லாபம் உண்டு

சுத்தம் செய்த தண்ணீர் பணம் கொடுத்த தண்ணீர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் குழாயின் வாயில் காற்றுக் கலப்பான் என்ற சிறு சல்லடையைத் திருகினால் பாதி நீரிலேயே கை கழுவலாம். பழைய கழிப்பறைத் தொட்டி ஒரு தடவைக்கு 10 லிட்டர் விடும். இரட்டைப் பொத்தான் தொட்டி 3 அல்லது 6 லிட்டரில் முடிக்கும். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும், 20 சொட்டு 1 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் வீண். சல்லடை அடைத்தால் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம்.

எல்லாவற்றிலும் மலிவான மென்னீர் மழை நீரே. தமிழ்நாட்டில் 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட தொட்டியும் குழாயும் பல வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் தூர் எடுத்து, மாடியைக் கழுவி, முதல் மழையை வெளியே விட்டுப் பிடித்தால் பருப்புக்கும் துணிக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கும்.

நம் கடையில் செய்ய வேண்டியவை

சாப்ட்னருக்கு அயோடின் கலக்காத சுத்தமான கல் உப்பு கேட்பார்கள். அதைத் தனி மூட்டையாக, ‘உணவுக்கு அல்ல’ என்று எழுதி வையுங்கள். உணவுக்கு அயோடின் கலந்த உப்பைத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். தண்ணீர்க் கேன் விற்பவர்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் உள்ளதா என்று பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள். கேனை வெயிலிலும், பினாயில், பூச்சிமருந்துக்குப் பக்கத்திலும் அடுக்காதீர்கள்.

அடுத்த முறை “பருப்பு வேகலை அண்ணாச்சி” என்று யாராவது வந்தால், கோபப்படாமல் “எந்தத் தண்ணியில வேகவச்சீங்கம்மா?” என்று கேளுங்கள். இரண்டு பாத்திரப் பரீட்சையைச் சொல்லிக்கொடுங்கள். தேவையில்லாத கருவிக்குப் போகும் பணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த கடையை எந்தக் குடும்பமும் மறக்காது.