மொட்டைமாடித் தொட்டியில் பி.எல்.சி பாடம்!

ஆழ்வார்பேட்டைவாசிகளுக்கு மெட்ரோ பணிக்கான தடுப்புகள் பழகிப்போனவை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் 26.1 கி.மீ. தடத்தில் இங்கே வருவது சுரங்க நிலையம். அந்தத் தடத்துக்காகப் பூமிக்கடியில் குடைந்துகொண்டு போகும் ராட்சத இயந்திரத்தில், வெட்டும் சக்கரம் சுற்றுவதையும் ஜாக்கிகள் தள்ளுவதையும் ஒழுங்குபடுத்துவது பி.எல்.சி. முழுப்பெயர், புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்.

கார் தொழிற்சாலையிலும் பாக்கெட் போடும் இடத்திலும் இதே பெட்டிதான். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ-க்களைத் தரம் உயர்த்தும் திட்டத்தில் ஆட்டோமேஷனும் முக்கியமான பாடம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை 'பி.எல்.சி படிக்கிறேன்' என்று வந்து நிற்கலாம். பெரும்பாலும் அவர்கள் மிரள்வது இயந்திரத்தைப் பார்த்தல்ல, வார்த்தைகளைப் பார்த்து. அந்த வார்த்தைகளை நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட் ஸ்விட்ச், கீழே இருக்கும் ஸ்டார்ட் பட்டன்... இவை செய்தி சொல்பவை. பெயர், இன்புட். மோட்டாரை ஓட்டும் கான்டாக்டர் உத்தரவை ஏற்பது. அது அவுட்புட். நடுவில் 'இது வந்தால் அதைச் செய்' என்று நாம் எழுதி வைப்பதுதான் புரோகிராம். அதைப் படம்போல வரைவது லேடர். இரண்டு பக்கமும் நெடுங்கோடு, நடுவே ஏணிப் படிகள். படியின் பெயர் ரங். படியில் இடப்பக்கம் இருக்கும் நிபந்தனை கான்டாக்ட்; வலது ஓரத்தில் இருக்கும் விளைவு காயில்.

'சம்ப்பில் தண்ணீர் இருக்க வேண்டும், மேல் தொட்டியும் காலியாக இருக்க வேண்டும்' என்றால் இரண்டு கான்டாக்ட்களும் வரிசையாக வரும். 'ஏ பிளாக் தொட்டியோ பி பிளாக் தொட்டியோ, எது காலியானாலும் ஓடு' என்றால் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். ஸ்டார்ட் பட்டனிலிருந்து விரலை எடுத்தபிறகும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? மோட்டாரின் சொந்த கான்டாக்ட்டையே பட்டனுக்குப் பக்கவாட்டில் போட்டுவிடுவார்கள். நம் எலெக்ட்ரீஷியன்கள் இதை 'ஹோல்டிங்' என்பார்கள். தண்ணீர் தளும்பி ஃப்ளோட் ஆடுகிற நேரத்தில் அவசரப்படாமல் ஐந்து விநாடி பொறுக்க வைப்பது டைமர்.

பெட்டி இதையெல்லாம் எப்படிப் படிக்கிறது? முதலில் இன்புட்களைப் பார்க்கும், பிறகு ஏணியை மேலிருந்து கீழாகப் படிக்கும், கடைசியில் அவுட்புட்களை மாற்றும். மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். பெரும்பாலும் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். ஒரே காயிலை இரண்டு படிகளில் எழுதினால், கீழே இருப்பதன் பேச்சுதான் எடுபடும். புதிதாகப் படிப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

அதைவிடப் பெரிய குழப்பம், என்.ஓ., என்.சி. நார்மலி ஓபன், நார்மலி குளோஸ்டு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஸ்விட்ச் 'திறந்திருந்தால்' கரன்ட் வராது! காலம்காலமாகக் குழாயோடு வாழும் நமக்கு இது தலைகீழ். பாலம் என்று நினைத்துக்கொண்டால் சிக்கலில்லை. தூக்குப்பாலம் திறந்தால் வண்டி போகாது, மூடினால்தான் போகும். யாரும் தொடாதபோது பாலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் அந்த 'நார்மலி'.

இதில் உயிரே அடங்கியிருக்கிறது. ஸ்டாப் பட்டனை எப்போதும் என்.சி-யாகவே இணைப்பார்கள். அதாவது, சும்மா இருக்கும்போது அதன் வழியாக கரன்ட் வந்துகொண்டே இருக்கும். எலி ஒயரைக் கடித்துவிட்டாலும், ஸ்டாப்பை அழுத்தியதாகவே எண்ணி மோட்டார் நின்றுவிடும். என்.ஓ-வாக இணைத்திருந்தால்? ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்து நேரத்தில் அழுத்தும்போதுதான் தெரியும். தொட்டி மோட்டார் என்றால் தண்ணீர் வழியும், அவ்வளவுதான். பிரஸ் மெஷினில் ஒருவர் கை இருந்தால்?

இங்கே இன்னொரு சூட்சுமம். ஒயரில் என்.சி-யாக இருக்கும் அந்த பட்டனை, ஏணியில் என்.ஓ. அடையாளத்தால்தான் வரைய வேண்டும். ஏணி கேட்பது 'சிக்னல் வருகிறதா?' என்பதைத்தான், பட்டன் எந்த ரகம் என்பதை அல்ல. தவிர, எமர்ஜென்சி ஸ்டாப்பை புரோகிராமை மட்டும் நம்பி விடக் கூடாது. அது ஒயர் வழியாகவே, சேஃப்டி ரிலே மூலம் இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

ஏணிப் படம் வந்த கதையும் சுவாரஸ்யம். 1960-களில் கார் மாடல் மாறும்போதெல்லாம் அலமாரி அலமாரியாக ரிலே ஒயரிங்கைப் பிரித்து மாட்ட வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968-ல் மாற்று கேட்டது. டிக் மோர்லியின் குழு உருவாக்கிய கருவிதான் மோடிகான் 084; அந்தக் குழுவின் 84-வது புராஜெக்ட் என்பதால் அந்த எண். ஆலை எலெக்ட்ரீஷியன்களுக்கு ஏற்கெனவே ரிலே வரைபடம் தெரியும் என்பதால், அதே ஏணியை புரோகிராம் ஆக்கினார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்காக வந்த மொழியல்ல அது, ஒயர்மேன்களுக்காக வந்தது. பின்னால் 1993-ல் ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரம், ஏணி உட்பட ஐந்து மொழிகளை வகுத்தது.

பெட்டி வாங்கித்தான் பழக வேண்டும் என்பதில்லை. கோட்சிஸ் போன்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்கலாம். முதல் பயிற்சிக்கு ஒரு கணக்கு: உங்கள் குடியிருப்பில் இரண்டு மோட்டார்கள். இன்று ஒன்று, நாளை மற்றொன்று என மாறி மாறி ஓட வேண்டும். ஒன்று பழுதானால் அடுத்தது தானாக ஓட வேண்டும். சம்ப் வற்றினால் இரண்டுமே நிற்க வேண்டும். எத்தனை படிகள் தேவைப்படும்?