நூற்றுக்கு நான்கு தரகு

நாகர்கோவில் கல்லூரி மாணவி ஒருவர் கேட்கிறார்: ‘நுண்ணோக்கிச் செல் படப் போட்டியில் பரிசு வாங்கிய படத்தைப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாய் மின்னுகிறது. எங்கள் ஆய்வகத்து வெங்காயத்தோல் இப்படித் தெரியவில்லையே. செல்லுக்குள் நிஜமாகவே இவ்வளவு வண்ணமா?’

இல்லை. செல் பெரும்பாலும் நிறமற்றது.

முதலில் போட்டியைப் பற்றி. நிக்கான் நிறுவனத்தின் ‘ஸ்மால் வேர்ல்ட்’ நுண்ணோக்கிப் படப் போட்டி 1970களிலிருந்து நடக்கிறது. ஜிஇ ஹெல்த்கேர் நடத்திய செல் படப் போட்டியில் வென்ற படங்கள் 2013இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் ராட்சதத் திரையில் ஓடின. நடத்துகிறவர்கள் நுண்ணோக்கி விற்கிறவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தையல் மிஷின் கம்பெனி பூத்தையல் போட்டி வைப்பது மாதிரிதான். பரிசு அழகுக்கும் உண்டு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததற்கு மட்டுமல்ல.

ஆனால் அந்தப் பச்சை எப்படி வருகிறது என்பது பரிசைவிடச் சுவையான சங்கதி. ஆய்வகங்களில் புழங்கும், பச்சையாக ஒளிரும் புரதத்தின் மேல் 488 நானோமீட்டர் நீல ஒளி விழுந்தால், 507 நானோமீட்டர் பச்சையாகத் திரும்புகிறது. அலைநீளம் கூடினால் ஆற்றல் குறையும். கணக்குப் போட்டால் நூற்றுக்குச் சுமார் நான்கு பங்கு நஷ்டம்.

அந்தப் புரதத்தைத் தோவாளைப் பூச்சந்தையில் ஒரு தரகர் என்று வையுங்கள். நூறு ரூபாயோடு நீலச் சட்டைக்காரர் வருகிறார். தரகர் நான்கு ரூபாயை எடுத்துக்கொண்டு (அது அதிர்வாக, வெப்பமாகப் போகிறது), மீதி தொண்ணூற்றாறோடு பச்சைச் சட்டை மாட்டி அனுப்புகிறார். பேரம் முடிய மூன்று நானோநொடிகூட ஆகாது. சந்தை வாசலில் ஒரு கண்ணாடி நிற்கிறது. நீலச் சட்டையை வந்த வழியே திருப்பிவிடும். பச்சையை மட்டும் கேமரா பக்கம் விடும். சும்மா சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் அதோடு கழிந்தது. எந்த இடத்தில் தரகர் இருக்கிறாரோ, அந்த இடம் மட்டும் இருட்டில் ஒளிரும். பல்லாயிரம் பேரம் ஆனதும் தரகர் நிரந்தரமாகக் கடையைச் சாத்திவிடுவார், படமும் மங்கிவிடும். இதற்கு மேல் தோவாளையை இழுத்தால் பூ வாடிவிடும்.

இந்தத் தரகரின் பூர்வீகம் ஜெல்லிமீன். முட்டத்திலும் குளச்சலிலும் வலையில் ஏறினால் ‘சொறி’ என்று உதறித் தள்ளுகிறார்களே, அதன் தூரத்து உறவு. விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா அந்த ஜெல்லிமீனை அமெரிக்க மேற்குக் கரையில் பிடித்துப் பிழிந்து, இந்தப் புரதத்தைப் பற்றி 1962இல் எழுதினார். மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோரோடு 2008இல் நோபல் பரிசு பெற்றார். வரலாறு இவ்வளவு போதும்.

இனித்தான் வேடிக்கை. இத்தனை பாடுபட்டு வரும் பச்சையை, பெரும்பாலான ஆய்வுக் கேமராக்கள் பச்சையாகப் பார்ப்பதே இல்லை. அவற்றுக்குத் தெரிவது வெளிச்சம் எவ்வளவு என்பதுதான். ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியாகச் சாம்பல் நிறப் படம் எடுத்து, பிறகு கணினியில் வண்ணம் ஏற்றுகிறார்கள். டிஎன்ஏ நீலமா ஊதாவா என்பது ஆராய்ச்சியாளர் விருப்பம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்காக, இப்போது பலர் சிவப்பைக் கைவிட்டு மெஜந்தா போடுகிறார்கள்.

பொய்யா என்றால், இல்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது செல் சொன்னது. நிறம் மட்டும் நாம் சொன்னது. உங்கள் வெங்காயத்தோலிலும், தங்கச்சி, அந்தச் சிவப்பு நீங்கள் ஊற்றிய சாஃப்ரனின் சாயம்தானே?