சுக்கான் பிடித்த கை

1862ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள். விடிவதற்குச் சில மணிநேரம் இருக்கையில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘பிளான்டர்’ என்னும் நீராவிக் கப்பல் மெல்லப் புறப்பட்டது. உள்நாட்டுப் போர் மூண்டு ஓராண்டு கடந்திருந்தது. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென்மாநிலங்களின் படைக்குரிய பீரங்கிகள் அக்கப்பலில் இருந்தன. வெள்ளையரான அதிகாரிகள் மூவரும் கட்டளையை மீறிக் கரையில் தங்கிவிட்டனர். கப்பலில் இருந்தோர் அடிமைகள் மட்டுமே. சுக்கான் பிடித்தவர் இராபர்ட் ஸ்மால்ஸ்; அகவை 23.

பியூஃபர்ட் என்னும் ஊரில் 1839இல் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே சார்ல்ஸ்டனுக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார். ஊதியத்தின் பெரும்பகுதி உரிமையாளரைச் சேர்ந்தது. துறைமுகத்தின் நீரோட்டங்களும் மணல்திட்டுகளும் அவருக்கு மனப்பாடம். எனினும், ‘மீகாமன்’ என்னும் பட்டம் அடிமைக்குக் கிடையாது. ‘சக்கரம் பிடிப்பவன்’ என்றே அழைத்தனர். மனைவியையும் மகளையும் விலைகொடுத்து மீட்க 800 டாலர் தேவைப்பட்டது. அவரால் சேர்க்க முடிந்தது 100 டாலரே. உழைத்தவரின் கூலியைப் பறித்துக்கொண்டு, அவர் குடும்பத்துக்கே விலை சொன்ன முறைமை அது.

வழியில் மறைந்திருந்த குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டு கப்பல் விரைந்தது. தலைவர் வழக்கமாக அணியும் வைக்கோல் தொப்பியை ஸ்மால்ஸ் அணிந்துகொண்டார். அவரைப் போலவே நின்றார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் உரிய ஊதல் குறிப்பைத் தவறாது ஒலித்தார். சம்டர் கோட்டைக் காவலரும் ஐயுறவில்லை. பீரங்கிகளின் எல்லையைத் தாண்டியதும் கொடியை இறக்கி, வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றினார். சுடுவதற்கு ஆயத்தமாயிருந்த வடபுலப் போர்க்கப்பல் அதனைக் கண்டு நிறுத்திக்கொண்டது.

பரிசாகக் கிடைத்த 1,500 டாலர் அவர் வாழ்வை மாற்றியது. தம்மை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே, வரிப்பாக்கிக்காக ஏலம் விடப்பட்டபோது, அவர் வாங்கினார். எழுதப் படிக்கவும் கற்றார். 1868இல் மாநில அரசமைப்பை இயற்றிய பேரவையில் இடம்பெற்று, அனைவருக்கும் கட்டணமில்லாப் பொதுக்கல்வி வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னர் 1875க்கும் 1887க்கும் இடையில் ஐந்துமுறை நாடாளுமன்ற உறுப்பினரானார். 1877இல் கையூட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பின்பு மன்னிக்கப்பட்டார். அதனை அரசியல் பழிவாங்கலாகக் கருதுவோர் பலர்.

கப்பலைக் கடத்திய இரவையே பலரும் போற்றுகின்றனர். 1895இல் நிகழ்ந்தது அதைவிடக் கடினமான போராட்டம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையராய் வாழ்ந்த அம்மாநிலத்தில், அவர்களின் வாக்குரிமையைப் பறிக்கவே புதிய அரசமைப்புப் பேரவை கூட்டப்பட்டது. சட்டத்தில் இனத்தின் பெயரே இல்லை. அரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படித்துக்காட்டினால் விளக்கவோ வேண்டும் என்றது அது. விளக்கம் சரியா என்பதை முடிவுசெய்பவர் பதிவு அலுவலர். சூழ்ச்சி அங்கேதான் இருந்தது. கல்வியை மறுத்து வளர்க்கப்பட்டோரிடமே கல்வித்தேர்வு கேட்கப்பட்டது!

பேரவையில் கறுப்பினத்தவர் அறுவர் மட்டுமே. ஸ்மால்ஸ் எதிர்த்து முழங்கினார். ஆயினும் வாக்கெடுப்பில் தோற்றார். நிறைவேறிய அரசமைப்பில் கையொப்பமிட மறுத்துப் பியூஃபர்ட் திரும்பினார். 1915இல் அவ்வூரிலேயே மறைந்தார். அந்த அரசமைப்பு விதித்த தடைகள் மேலும் ஐம்பது ஆண்டுகள் நீடித்தன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமே அவற்றைத் தகர்த்தது.