காற்றேறி வரும் புகையான்

சிலாங்கூரில், கிள்ளானுக்கு வடமேற்கே உள்ள தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் அச்சுறுத்தலாக விளங்கும் புகையான், நெல்லின் தூரடியில் சாற்றை உறிஞ்சிப் பயிரை வட்ட வட்டமாகக் கருகச் செய்யும் மிகச் சிறிய தத்துப்பூச்சியாகும். குட்டைச் சிறகு, நெடுஞ்சிறகு என இரு வடிவங்களில் வளரும் இப்பூச்சியில், பயிர் முதிர்ந்து கூட்டம் நெருங்கும்போது நெடுஞ்சிறகு வடிவம் பெருகி, அந்தியிலும் விடியலிலும் மேலெழும்பி, காற்றோட்டத்தில் கலந்துவிடுகிறது. எழும்புவது பூச்சியின் செயல். திசையையும் தொலைவையும் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்க, மழையும் கீழிறங்கு காற்றும் அதைத் தரையில் சேர்க்கின்றன. 1967இல் ஜப்பானுக்குத் தெற்கே நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலைத் தத்துப்பூச்சிக் கூட்டம் சூழ்ந்த நிகழ்வு, இவை கடல் கடந்தும் வலசை போவதை உணர்த்தியது.

கடுங்குளிரில் மடிந்துபோவதால் ஜப்பானில் ஆண்டுதோறும் பருவக்காற்றோடு புதிதாக வந்திறங்கும் புகையான், குளிர்காலமற்ற சிலாங்கூரில் ஆண்டு முழுவதும் உயிர்வாழ்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிவதால், அண்டை வயல்கள் முன்பின்னாக நடப்பட்டால், அறுவடையாகும் வயலிலிருந்து எழும் பூச்சிக்கு இளம்பயிர் எப்போதும் கிடைக்கிறது. சிலந்தி முதலிய இயற்கை எதிரிகளை அழிக்கும் மிகையான மருந்தடிப்பும், அளவுமீறிய தழைச்சத்தும் பெருக்கத்தை விரைவுபடுத்துகின்றன. காற்றைத் தடுக்க இயலாத விவசாயிக்கு, ஒரே காலத்தில் நடவு செய்வதும், விளக்குப்பொறியில் விழும் பூச்சிகளைக் கணக்கிட்டுத் தூரடியைப் பிரித்துப் பார்ப்பதுமே முதற்காப்பு.