ஓதப் போன பிள்ளையும் ஓலை பார்த்திருக்கும் வீடும்

தலைவன் இல்லத்தைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களை வகுத்துரைக்கப் புகுந்த தொல்காப்பியனார், கல்வியை முதலிலே வைத்துப் போரினையும் தூதினையும் அதன்பின் வைத்தார். கல்வியின்பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டினைக் கடத்தலாகாது எனக் கற்பியலிலே எல்லையும் கட்டினார். இச்சூத்திரங்களைப் பல்லாண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வரும் எனக்கு, அவற்றிலே ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கின்றதென்பது அண்மையிலேதான் புலப்பட்டது. பிரிந்தவன் எத்துணைக் காலம் பிரிந்திருக்கலாம் என்று சொன்ன பேராசான், அக்காலத்திலே வீட்டுக்கு எத்தனை ஓலை விடுத்தல் வேண்டும் என்று சொன்னாரல்லர். உடன்போன மகளை நினைந்து வருந்தும் நற்றாய்க்கு அகத்திணையிலே இடமுண்டு. ஓதப் போன மகனை நினைந்து வாயிலிலே நிற்கும் தாய்க்கு அங்கே இடமில்லை. அத்தாயைப் பற்றியே ஈண்டுச் சில சொல்லப் புகுகின்றேன்.

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பிங்கா ஓயாவை அடுத்து அமைந்த வணிக ஊர் அக்குறணை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நெருங்கி வாழும் இவ்வூரிலே 'ஓதுதல்' என்பது ஏட்டுச் சொல்லன்று. நாள்தோறும் வீட்டிலே வழங்கும் சொல். பிள்ளைகள் பேராதனைக்கும், கிழக்குக் கரையிலுள்ள ஒலுவிலுக்கும், கொழும்புக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் கற்கச் செல்கின்றனர். ஊரிலே ஒரு வீட்டுக்கு ஒரு வீடு கேட்கும் முதற் கேள்வி, "மகனிடமிருந்து செய்தி வந்ததா?" என்பதே.

புரியாத ஓலை

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதி வாரத்துத் திங்கட்கிழமை மாலை, எங்கள் தெருவிலே வாழும் ஓர் அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் என்னிடம் தமிழ் கற்றவன்; இரண்டாண்டுகளாக அமெரிக்க நாட்டிலே ஒரு கல்லூரியிலே பயில்கின்றான். அம்மையாரின் கையிலே கைத்தொலைபேசி. அதிலே ஆங்கிலத்திலே ஒரு நீண்ட கடிதம்.

"சேர், இதுல என்ன எழுதி ஈக்குது? மகனுக்கு என்னமும் ஆகிட்டோ?"

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தால் அது தீய செய்தியாகவே இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டுப் பெற்றோர் பட்டறிவாற் பெற்ற முடிபு. வாங்கிப் படித்தேன். தீங்கொன்றும் இல்லை. வருகின்ற வியாழக்கிழமை நன்றி கூறும் திருநாள்; இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை வகுப்புகள் இல்லை; விடுதி திறந்திருக்கும்; உணவுச்சாலை இன்ன வேளையிலே திறக்கப்படும்; வீடு செல்ல இயலாத பிறநாட்டு மாணவர்க்கு விருந்து உண்டு; விடுமுறை முடிந்ததும் தேர்வுகள் தொடங்கும்; ஆதலால் இந்நாட்களிலே பிள்ளைகளோடு பேசி ஊக்கம் அளியுங்கள். இவ்வளவே செய்தி.

தமிழிலே சொல்லி முடித்தேன். அம்மையார் முகத்திலே சிரிப்பும் கண்ணிலே நீரும் ஒருங்கே தோன்றின. "எதுக்காம் நன்றி?" என்று வினவினார். அறுவடைக்கு நன்றி என்றேன். 1863ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின் நடுவிலே, ஆபிரகாம் இலிங்கன் இத்திருநாளை நாடு முழுவதும் கொண்டாடுமாறு அறிவித்தார். 1941ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நவம்பர் மாதத்து நான்காம் வியாழனென நிலைநிறுத்தியது. நமக்குத் தைப்பொங்கல் எப்படியோ அவர்களுக்கு இஃது அப்படி. எங்கிருந்தாலும் பிள்ளை வீடு வந்து சேரும் நாள். இவற்றைச் சொன்னபோது அம்மையார் பெருமூச்செறிந்து, "வரேலாத பிள்ளைக்கும் சோறு வெச்சி ஈக்காங்களே, அதுக்கு நான் நன்றி சொல்றேன்" என்றார். திருநாளின் பொருளை அவர் என்னினும் நன்கு அறிந்துகொண்டார்.

அறுந்த இழை

மூன்று நாட்கள் கழிந்தன. நன்றித் திருநாளாகிய 27ஆந் தேதி வியாழக்கிழமை, இலங்கையை டித்வாப் புயல் வளைத்தது. அப்புயலும் அதனோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டன; கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரிது. பிங்கா ஓயா கரை கடந்து கடைவீதியிலே புகுதல் அக்குறணைக்குப் புதிதன்று. ஆயின் இம்முறை மலையும் உடன் இறங்கியது. மின்சாரம் போயிற்று. சாலைகள் அடைபட்டன. தொலைபேசிகள் ஒவ்வொன்றாய் ஊமையாயின.

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வேற்றுமை. அங்கே மாணவர் விருந்துண்ணும் வேளையிலே இங்கே விடியற்காலம். அம்மகன் விருந்துக்குச் செல்லவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். செய்தித்தாள்களிலே 'கண்டி' என்னும் பெயரைக் கண்டது முதல், விடுதி அறையிலே தனியே இருந்து தாயின் எண்ணை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தான். மறுமுனையிலே ஒலியில்லை.

மூன்றாம் நாள், எங்கள் ஊர் இளைஞர் சிலர் ஒரு தாளிலே வீட்டுக்கு வீடு சென்று பெயர் எழுதினர். யாவர் நலம், யாவர்க்கு மருந்து வேண்டும், யாருடைய பிள்ளை எங்கே இருக்கின்றது என்பன எல்லாம் அதிலே இருந்தன. ஒருவன் அத்தாளோடு மேட்டிலே ஏறி, தொலைபேசி இயங்கும் இடத்தைத் தேடி நின்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி அனுப்பினான். "உம்மா நலம், வீடு நலம், பேச இரண்டு நாள் ஆகும்." அம்மகனுக்குச் சென்ற செய்தி இவ்வளவே.

பின்னர் என்னோடு பேசியபோது அவன் கூறிய ஒரு சொல் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை: "சேர், என்னுடைய விடுமுறையை உம்மாவுக்கு அறிவிக்க ஒரு கல்லூரியே இருந்தது. உம்மா உயிரோடிருப்பதை எனக்கு அறிவிக்க ஒருவரும் இல்லையே என்று அந்த மூன்று நாளும் அழுதேன்."

முன்னும் அறுந்ததுண்டு

இவ்வூருக்கு இஃது முதன்முறையன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் நிகழ்ந்தபோது, ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பகைமையைப் பரப்பும் செய்திகளைத் தடுக்கும் பொருட்டு முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றை அரசாங்கம் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. நச்சுச் செய்தியை மறித்த அவ்வணை, "நாங்கள் நலம்" என்னும் நற்செய்தியையும் உடன் மறித்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே, கொரோனாத் தொற்றின் காரணமாக அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டது. அப்போது தொலைபேசி இயங்கிற்று. ஆயினும் வெளியூரிலே நின்ற பிள்ளை வர முடியவில்லை. பெற்றோர் செல்ல முடியவில்லை. குரல் உண்டு, முகம் இல்லை.

ஆக, எட்டாண்டுகளுக்குள்ளே மும்முறை இழை அறுந்தது. ஒருமுறை மனிதர் பகையால், ஒருமுறை நோயால், ஒருமுறை நீரால். இனியும் அறாது என்று எவர் உறுதி கூறவல்லார்? அறுதல் இயல்பெனின், அறுமுன் முடிந்து வைத்தலே அறிவு.

எட்டுத் தபாலட்டைகள்

பிறரைப் பற்றிப் பேசுமுன் என் குற்றத்தையும் சொல்லல் வேண்டும். நான் வெளியூரிலே கற்கப் புறப்பட்ட நாளிலே, என் தந்தையார் பன்னிரண்டு தபாலட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் தம் முகவரியைத் தம் கையாலேயே எழுதி என்னிடம் தந்தார். "இரண்டு கிழமைக்கு ஒன்று போடு, நலம் என்று ஒரு சொல் இருந்தாற் போதும்" என்றார். யான் போட்டவை நான்கே. யாப்பிலக்கணத்திலே அசை பிரித்தறியும் பெருமையிலே மூழ்கியிருந்த எனக்கு, 'நலம்' என்னும் நிரையசையை எழுத நேரமிருக்கவில்லை.

தந்தையார் மறைந்தபின் அவருடைய பெட்டியைத் திறந்தேன். நிலப்பத்திரத்தோடு நூலாற் கட்டப்பட்டு அந்நான்கு அட்டைகளும் இருந்தன. எழுதப்படாத எட்டும் என் பெட்டியிலே இருந்தன, இன்றும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி என்னிடம் விடைபெற வரும் மாணவர்க்கு அவற்றை எடுத்துக் காட்டுகின்றேன். அறிவுரை கூறுவதில்லை, காட்டுதல் போதும்.

எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாது விடுவது

1952ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, முதல் துணைவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை மாணவர் விடுதியிலே உறைந்து கற்கும் கழகமாகவே கண்டார். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு விடுதி மற்றொரு வீடாதல் வேண்டும் என்பது அவ்வமைப்பின் உட்பொருள். ஆயின் இரண்டு வீடுகளும் ஒன்றோடொன்று பேசாவிடின், இடையிலே நிற்கும் பிள்ளை எவ்வீட்டுக்கும் உரியனாகாமல் ஒழிதல் கூடும்.

இதன் கொடிய விளைவையும் இந்நாடு கண்டிருக்கின்றது. 1997ஆம் ஆண்டிலே பேராதனையிலே பொறியியல் கற்க வந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்கு உள்ளாகி உயிர் நீத்தார். அடுத்த ஆண்டிலே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் வேண்டுவதே. ஆயின் பகிடிவதை வாழ்வது பிள்ளையின் மௌனத்திலன்றோ? "சாப்பிட்டாயா?" என்று கேட்டு "ஆம்" என்னும் விடையோடு முடியும் உரையாடல் அம்மௌனத்தை உடைப்பதில்லை. குரலின் மாற்றத்தைக் கேட்டறியும் செவி தாய்க்கு உண்டு; அச்செவிக்குக் கிழமைதோறும் ஒரு வாய்ப்பு வேண்டும்.

அவ்வாறாயின் பிள்ளையின் எல்லாச் செய்தியையும் கல்லூரி பெற்றோர்க்கு எழுதல் வேண்டுமா? அன்று. அமெரிக்க நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உயர்கல்விக்குச் சென்ற மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரை விட்டு மாணவரையே சேர்கின்றது என்று விதித்தது. உயிருக்கும் உடலுக்கும் இடர் நேரும்போது அறிவித்தல் போன்ற சில விலக்குகளையும் உடன் வைத்தது. இதிலே நாம் கற்கத்தக்க நுட்பம் உண்டு. பிள்ளையின் புள்ளி பிள்ளைக்கு உரியது. அவன் நட்பும் அவன் கருத்தும் அவனுக்கே உரியன. விடுமுறை எப்போது, விடுதி மூடப்படுமா, தேர்வு என்று, இடர் வந்தால் எவரை அழைப்பது என்பனவோ வீடு முழுவதற்கும் உரியன. இவ்விரண்டையும் குழப்பினால் அக்கறை வேவு ஆகிவிடும். அஞ்சிய பிள்ளை பின்னர் உண்மை எழுதாது.

ஆதலால் நம் கல்லூரிகளை வேண்டுவன மூன்று. முதலாவது, பொங்கல், நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு முதலிய திருநாள் விடுமுறைகளுக்கு முன்னர் நாள், நேரம், விடுதி ஒழுங்கு ஆகியவற்றைக் கூறும் ஒரு பக்கக் கடிதம் ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லுதல் வேண்டும். நற்செய்தி கொண்டுவரும் கடிதத்தைப் பழகிய வீடு, கல்லூரிக் கடிதம் கண்டு நடுங்காது. இரண்டாவது, ஒவ்வொரு மாணவர்க்கும் வீட்டு எண்ணோடு, வேற்றூரிலே வாழும் உறவினர் ஒருவரின் எண்ணையும் பதிந்து வைத்தல் வேண்டும்; ஒரே வெள்ளத்திலே இரண்டும் அழியா. மூன்றாவது, அக்கடிதம் வீட்டார் படிக்கும் மொழியிலே இருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. தமிழிலே கடிதம் கேட்டல் இரத்தலன்று, உரிமை.

ஊராரும் ஒன்று செய்யலாம். எங்கள் இளைஞர் வெள்ளத்தின் நடுவிலே எழுதிய அத்தாளை, வெள்ளம் வருமுன்னரே எழுதி வைக்கலாம். பள்ளிவாசலிலும் கோயிலிலும் விகாரையிலும் பாடசாலையிலும் ஒவ்வொரு படி இருப்பின், தாளுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. இவ்வாண்டு எங்கள் தெருவிலே இதனைத் தொடங்கியிருக்கின்றோம். முதற் பெயரை எழுதுவித்தவர் அந்த அம்மையாரே.

தமிழ்ப் புலவர் முகிலையும் கிளியையும் அன்னத்தையும் தூது விட்டனர். மதுரைச் சொக்கநாதரிடத்தே தமிழையே தூதாக விடுத்தார் ஒரு புலவர். அந்நூல் 'தமிழ்விடு தூது' எனப் பெயர் பெற்றது. இறைவனிடத்தே தூது செல்லவல்ல மொழிக்கு, விடுதியிலிருந்து வீட்டுக்குச் செல்லுதல் அரிதாமோ? மாணவச் செல்வங்காள், இவ்வேட்டைப் படித்து முடித்தவுடன் வேறொன்றும் செய்யவேண்டா. வீட்டுக்கு ஒரு சொல் எழுதுங்கள். 'நலம்' என்பது ஒரே அசைதான். அதனை எழுதாமல் வைத்த எட்டு அட்டைகளின் பாரத்தை யான் அறிவேன்.